செங்கோட்டையில் வண்டி மாறிய காலம்

2004-ல் விருதுநகர்–செங்கோட்டைப் பாதை அகலப்பாதை ஆனது. அதன் பிறகு சில வருடங்கள், மதுரைப் பக்கமிருந்து கொல்லம் போகிறவர்கள் செங்கோட்டையில் மூட்டை முடிச்சோடு இறங்கி மீட்டர் கேஜ் வண்டிக்கு மாறியது நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு பக்கமும் தண்டவாளம் உண்டு. ஆனால் ஒரே வண்டி இரண்டிலும் ஓடாது.

நான் வேலையில் இருந்த காலத்தில் கணினிகளிடமும் இதே தொல்லையைப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வகைக் கணினி, தலைமை அலுவலகத்தில் வேறு வகை. பென்ஷன் பட்டியலை அனுப்பினால் போய்ச் சேர்ந்துவிடும். திறந்து பார்த்தால் ஒரு பெயரும் படிக்க முடியாது. டெலிபோன் லைன் கோளாறு என்று ஒரு வாரம் லைன்மேனைக் குறை சொன்னோம். அந்த மாதம் பென்ஷன் தள்ளிப்போயிற்று. மருந்து வாங்கக் காசில்லை என்று வாசலில் வந்து நின்ற பெரியவர்களின் முகம் இன்னும் மறக்கவில்லை.

லைன் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு எழுத்தில். 1963-ல் வந்த ஆஸ்கி முறையில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'-க்கு எண் 65. மறு வருடம் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம் 360 கணினிகளோடு கொண்டுவந்த எப்சிடிக் முறையில் அதே எழுத்துக்கு 193. நடுவில் மாற்றிக் கொடுக்க ஒரு நிரல் இல்லாவிட்டால் பெயரெல்லாம் குப்பைதான்.

எண்களிலும் வம்பு உண்டு. சில கணினிகள் ஓர் எண்ணின் பெரிய பகுதியை முதலில் வைக்கும், சில சிறிய பகுதியை. இரண்டு பைட்டில் எழுதிய 1, திருப்பிப் படித்தால் 256 ஆகிவிடும்! 1980-ல் டேனி கோஹன் என்ற அறிஞர், கலிவரின் பயணங்கள் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று நடக்கும் சண்டையின் பெயரையே இதற்கு வைத்தார். இணையத்தின் அடிப்படை விதிகளில் பெரிய பகுதியே முதலில் என்று வைத்துக்கொண்டார்கள்.

1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் 'பிங்' என்ற சிறு நிரலை எழுதினார். எதிர்முனையை "இருக்கிறாயா?" என்று கேட்கும், அவ்வளவுதான். பதில் வந்தால் பாதை சரி. அடுத்து, அங்கே வேண்டிய நிரல் காத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு, சொன்னது புரிகிறதா என்று. நாங்கள் முதல் படியிலேயே நின்றுவிட்டோம்.

1988-ல், எந்தக் கம்பெனியின் கருவியையும் ஒரே விதமாக நலம் விசாரிக்க எஸ்.என்.எம்.பி. என்ற பொது முறை வந்தது. 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனத்தின் முதல் தொழிலே இந்த வகை மென்பொருள்தான். 2009-ல் அது ஸோகோ என்று பெயர் மாறியது. 2011-ல் நம் தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறைக்கும் வந்தது.

2018-ல் புனலூர் வரை அகலப்பாதை முடிந்து, இப்போது இறங்காமலே கொல்லம் போகலாம். வீட்டில் பேரன் "நெட் சரியில்லை தாத்தா" என்றால் நான் கேட்பது ஒன்றுதான்: "பாதை இல்லையா, பேச்சு புரியவில்லையா?" அன்றைக்கே இதைக் கேட்டிருந்தால் அந்தப் பெரியவர்கள் வாசலில் நின்றிருக்க மாட்டார்கள்.