கதிரை யாருடையது? விம்பிள்டன் கழகம் கற்பிக்கும் பாடம்

மோர்டனிலும் அதனைச் சூழவுள்ள மிச்சம், கொலியர்ஸ் வூட், ரூட்டிங் பகுதிகளிலும் வாழ்கின்ற எம்மவர்களுள் பலர், எஃப்ரா வீதிக் கணபதி ஆலயத்துக்குச் செல்லும் வழியில் புதிதாக எழுந்து நிற்கும் உதைபந்தாட்ட அரங்கு ஒன்றைக் கண்டிருப்பர். ஆலயத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில், பிளவ் லேன் எனும் வீதியில் அது அமைந்துள்ளது. ஏஎஃப்சி விம்பிள்டன் கழகத்தின் இல்லம் அது. உதைபந்தாட்டத்தில் நாட்டமில்லாத வாசகரும் இக்கழகத்தின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நன்று என நாம் கருதுகின்றோம். ஏனெனில், இஃது இடம்பெயர்க்கப்பட்ட மக்கள் கூட்டம் ஒன்றின் வரலாறு. தமது நிறுவனத்தின் நிர்வாகத்தைப் பிறர் கையில் ஒப்படைப்பதில்லை எனத் தீர்மானித்த மக்களின் வரலாறு.

பறிபோன கழகம்

விம்பிள்டன் கழகம் 1889 ஆம் ஆண்டில் தோன்றியது. 1912 முதல் பிளவ் லேன் மைதானமே அதன் தாயகமாயிற்று. நெடுங்காலம் சிறு கழகமாகவே இருந்த அது 1977 இல் தேசிய லீக்கினுள் நுழைந்து, ஒன்பதே ஆண்டுகளில், 1986 இல், முதலாம் பிரிவுக்கு உயர்ந்தது. 1988 மே 14 ஆம் நாள் வெம்ப்ளி அரங்கில் நடைபெற்ற எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில், அந்நாளில் எவராலும் அசைக்க முடியாதெனக் கருதப்பட்ட லிவர்பூல் அணியை 1-0 என்ற கணக்கில் வென்றது. லோரி சான்செஸ் தலையால் முட்டிய ஒரு கோலும், காப்பாளர் டேவ் பெசன்ற் தடுத்த தண்ட உதையும் இன்றும் இந்நாட்டவரால் பேசப்படுகின்றன.

வெற்றியின் நிழலிலேயே வீழ்ச்சியும் தொடங்கியது. 1989 இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் இடம்பெற்ற பேரவலத்தின் பின்னர், பெரிய கழகங்களின் அரங்குகள் யாவும் இருக்கைகள் கொண்டனவாக மாற்றப்படவேண்டுமென விதிக்கப்பட்டது. பழைய பிளவ் லேன் அதற்கு ஏற்றதன்று எனக் கூறி, 1991 இல் கழகம் செல்ஹேர்ஸ்ட் பார்க்கில் வாடகைக் குடியாயிற்று. தற்காலிகம் எனச் சொல்லப்பட்ட அந்த வாசம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. தற்காலிகம் என்னும் சொல்லின் நீளத்தை எம்மைவிட அறிந்தவர் யார்?

1997 இல் நோர்வே நாட்டுச் செல்வந்தர்கள் கழகத்தை வாங்கினர். 2001 ஓகஸ்டில், கழகத்தை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. ஆதரவாளர்கள் வீதியில் இறங்கினர், மனுக்கள் எழுதினர், ஊர்வலம் போயினர். எனினும், உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த மூவர் ஆணைக்குழு 2002 மே 28 ஆம் நாள், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், இடமாற்றத்துக்கு அனுமதி வழங்கியது. ஆதரவாளர்கள் புதிய கழகமொன்றை உருவாக்குதல் உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததன்று என்ற கருத்தும் அவ்வறிக்கையில் இடம்பெற்றிருந்தது.

நூற்றுப் பதின்மூன்று ஆண்டு வரலாறு ஒரே நாளில் கைமாறிற்று. சட்டத்தின் கண்ணில் கழகம் என்பது பங்குகளின் தொகுதி. பங்குகளை வைத்திருப்பவரே அதன் உரிமையாளர். தலைமுறை தலைமுறையாக மழையிலும் குளிரிலும் நின்று பார்த்தவருக்கு அதில் ஒரு வாக்குத்தானும் இருக்கவில்லை.

ஆறு வாரங்களில் எழுந்தது

தீர்ப்பு வெளியான ஓரிரு நாட்களிலேயே கிறிஸ் ஸ்ருவேட் முதலிய ஆதரவாளர்கள் ஒன்றுகூடி, தாமே புதிய கழகத்தை ஆரம்பிப்பதென முடிவு செய்தனர். மைதானம் இல்லை, வீரர் இல்லை, பயிற்றுநர் இல்லை. ஜூன் 29 இல் விம்பிள்டன் பொதுவெளியில் வீரர் தேர்வு நடத்தப்பட்டபோது ஏறக்குறைய 230 பேர் வந்து சேர்ந்தனர். ஜூலை 10 இல் சட்டன் அணிக்கு எதிராக முதல் ஆட்டம். நான்கு கோல்களால் தோற்றனர். ஆனால், அத்தோல்வியைக் காண 4,657 பேர் கூடியிருந்தனர்.

புதிய கழகம் கம்பைன்ட் கவுன்டீஸ் லீக் எனும் அடித்தட்டுப் போட்டித் தொடரில் சேர்க்கப்பட்டது. அத்தகைய ஆட்டங்களுக்குச் சாதாரணமாக நூறு பேர் வந்தாலே பெரிது. விம்பிள்டனின் ஆட்டங்களுக்கோ முதற் பருவத்திலேயே சராசரியாக மூவாயிரம் பேர் வந்தனர். செல்ஹேர்ஸ்ட் பார்க்கில் இன்னமும் ஆடிக்கொண்டிருந்த பழைய கழகத்துக்கு அப்பருவத்தில் வந்த கூட்டத்தைவிட இது அதிகம். 2003 பெப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாது நின்றமை ஆங்கில உதைபந்தாட்ட வரலாற்றில் பதிவான சாதனையாகும். 2011 மே 21 இல் லூட்டன் அணியைத் தண்ட உதைகளில் வென்று தேசிய லீக்கினுள் மீண்டும் நுழைந்தது. பழைய கழகத்துக்கு எண்பத்தெட்டு ஆண்டுகள் பிடித்த பயணத்தைப் புதிய கழகம் ஒன்பது பருவங்களில் முடித்தது.

2007 ஓகஸ்டில் இன்னொரு நிகழ்வும் உண்டு. மில்டன் கீன்ஸ் கழகம் தன்னிடமிருந்த பழைய விம்பிள்டனின் கிண்ணங்களையும் நினைவுப் பொருட்களையும் மேர்ட்டன் நகரசபையிடம் திருப்பி ஒப்படைத்தது. மோர்டனில் தலைமையகம் கொண்டுள்ள எமது நகரசபையே அது. வரலாறு அது பிறந்த ஊருக்கே உரியது என்பது அன்று ஏற்கப்பட்டது.

நிர்வாகம் எங்கே இருந்தது?

இவ்வெற்றிகளைக் கூறுவது எமது முதன்மை நோக்கமன்று. அவற்றின் பின்னால் இருந்த அமைப்பே இங்கு கவனிக்கத் தக்கது. புதிய கழகத்தை ஆரம்பித்தோர் முதலிலேயே ஒன்றைத் திடமாக வகுத்துக்கொண்டனர்: ஒருவர் விற்றால் கழகம் போய்விடும் என்ற நிலை இனி ஒருபோதும் வரக்கூடாது. ஆகவே கழகத்தின் பெரும்பான்மை வாக்குரிமை டொன்ஸ் டிரஸ்ட் எனும் ஆதரவாளர் அமைப்பிடம் வைக்கப்பட்டது. ஆண்டுச் சந்தா செலுத்தும் எவரும் அதில் உறுப்பினராகலாம். உறுப்பினர் ஒருவருக்கு வாக்கு ஒன்று. ஆயிரம் பவுண் கொடுத்தவருக்கும் ஒன்றுதான், சந்தா மட்டும் கொடுத்தவருக்கும் ஒன்றுதான். நிர்வாக சபையை அவர்களே தேர்ந்தெடுப்பர்; கணக்குகளும் அவர்கள் முன்னே வைக்கப்படும்.

2007 முதல் 2019 வரை கழகத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியாக விளங்கியவர் எரிக் சாமுவெல்சன். பெரியதொரு கணக்காய்வு நிறுவனத்தில் பங்காளராயிருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் பெற்ற சம்பளம் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது ஒரு பவுணும் ஐந்து பென்சும். பன்னிரண்டு ஆண்டுகள் தலைமை அந்த மனிதரிடம் இருந்தது. அதன்பின் அவர் கதிரையை ஒப்படைத்து விலகினார். கழகம் நிலைகுலையவில்லை. நிர்வாகத்தைத் தம்மிடம் வைத்திருத்தல் வேறு, ஒரே மனிதரைக் கதிரையில் வைத்திருத்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

பெரிய சோதனை 2019 இல் வந்தது. பழைய மைதானத்துக்கு மிக அருகிலேயே, முன்னர் நாயோட்டம் நடைபெற்ற நிலத்தில், புதிய அரங்கு அமைக்க மேர்ட்டன் நகரசபையின் திட்டமிடற் குழு 2015 டிசம்பரில் அனுமதி வழங்கியிருந்தது. வேலையும் தொடங்கியது. ஆனால் கட்டி முடிப்பதற்குப் பல மில்லியன் பவுண் குறைவாயிருந்தது. வெளி முதலீட்டாளருக்குப் பங்குகளை விற்று, ஆதரவாளரின் கட்டுப்பாட்டைத் தளர்த்துதல் ஒரு தெரிவாக உறுப்பினர் முன் வைக்கப்பட்டது.

அது இலகுவான வழி என்பதை நாம் மறுக்க முடியாது. வீட்டு வாசற்படி வரை வந்துவிட்ட நிலையில், சாவியைப் பிறரிடம் கொடுத்தால் உள்ளே போகலாம் என்பது போன்ற நிலை. பலர் அதை ஏற்க மறுத்தனர். 2002 இல் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்வதற்கு அதுவே முதற்படியாகும் என அஞ்சினர். 2020 ஜனவரியில் ஆதரவாளர்களே கடன்பத்திரத் திட்டம் ஒன்றைத் தொடக்கினர். குறித்த காலத்துக்குப் பணத்தைக் கடனாகக் கொடுத்துக் குறைந்த வட்டி பெறுவதே அதன் முறை. அதனால் உரிமை கைமாறாது. சில வாரங்களில் ஐந்து மில்லியன் பவுணுக்கு மேல் சேர்ந்தது. செல்வந்தர் ஒருவரும் 2.5 மில்லியன் பவுண் முதலிட்டார். ஆனால் சிறுபான்மைப் பங்குக்கே. ஊர் கூடித் தேர் இழுத்தது; வடம் ஊரவர் கையிலேயே இருந்தது.

2020 நவம்பர் 3 இல் புதிய பிளவ் லேனில் முதலாட்டம் நடைபெற்றது. கொள்ளைநோய்க் காலமாதலால் பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள் வீட்டிலிருந்தே பார்த்தனர். ஆயினும் அவர்களிற் பலர் அவ்வாண்டு வீட்டில் வெறுமனே இருக்கவில்லை. மார்ச் மாதம் முதல் மேர்ட்டன், வண்ட்ஸ்வேர்த், கிங்ஸ்டன் பகுதிகளின் வறிய குடும்பங்களுக்கு உணவும், பிள்ளைகளின் படிப்புக்குக் கணினிகளும் சேர்ப்பிக்கும் தொண்டில் ஆதரவாளர் பெருந்தொகையாக ஈடுபட்டிருந்தனர்.

விலையும் உண்டு

ஆதரவாளர் ஆட்சிக்கு விலை இல்லையெனச் சொல்வது நேர்மையன்று. பணமுடைய கழகங்களோடு போட்டியிடுதல் கடினம். 2022 இல் கழகம் நான்காம் நிலைப் பிரிவுக்கு இறங்கியது. 2024 செப்டெம்பரில் பெருமழையால் வண்டில் ஆறு பெருகி, மைதானத்தில் பெருங்குழி ஒன்றே தோன்றிவிட்டது. உள்ளூரவர் வாளியும் மண்வெட்டியுமாக வந்து துப்புரவு செய்தனர். அதே பருவத்தின் முடிவில், 2025 மே 26 இல், வெம்ப்ளியில் வோல்சால் அணியை 1-0 என வென்று கழகம் மீண்டும் மேலேறியது. இறக்கத்திலும் ஏற்றத்திலும் உரிமையாளர் மாறவில்லை.

இதற்கு மாறானதொரு காட்சியை இலங்கைத் தீவில் கண்டோம். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்கு அளித்த அதிகாரத்தால், 1999 முதல் கிரிக்கெட் சபைக்குப் பலமுறை இடைக்கால நிர்வாகங்கள் நியமிக்கப்பட்டன. 2023 நவம்பரில், இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்ட தோல்வியின் பின், அமைச்சர் சபையைக் கலைத்து அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் பழைய நிர்வாகத்தை மீள இருத்தியது. நவம்பர் 10 இல் சர்வதேசச் சபை, அரசுத் தலையீட்டைக் காரணங்காட்டி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி 28 இலேயே அத்தடை நீங்கியது. அதற்கிடையில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டி தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. அங்கும் நிர்வாகம் தக்கவைக்கப்பட்டது. ஆயினும் அமைச்சரும் நீதிமன்றமும் அயல்நாட்டுச் சபையும் முடிவெடுத்த அவ்விடயத்தில், ஆட்டத்தைப் பார்த்த மக்களிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை.

நாம் எண்ணவேண்டியது

இடம்பெயர்ந்த நிறுவனங்களை நாமும் அறிவோம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறியபோது அங்கிருந்த பாடசாலைகளும் வெளியேறின. 1995 ஒக்டோபர் பேரிடப்பெயர்வின் பின் எத்தனையோ பாடசாலைகள் வேற்றுப் பாடசாலைகளின் கட்டடங்களில், மாலை வேளைகளில், மரநிழல்களில் இயங்கின. கட்டடம் போயிற்று, தளபாடம் போயிற்று, இடாப்பு மட்டும் போகவில்லை. காலையில் ஆசிரியர் இடாப்பைத் திறந்து பெயர்களை அழைத்த இடமே பாடசாலையாயிற்று. விம்பிள்டன் மக்களும் தமது உறுப்பினர் இடாப்பைத்தான் கழகமாகக் கொண்டனர்.

இன்று லண்டனில் எமக்குப் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு; ஊர் ஒன்றியங்கள் உண்டு; சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகள் உண்டு; ஆலயங்கள் உண்டு. இவற்றை உருவாக்கியோர் குளிரில் வேலை செய்து உழைத்த பணத்தையும் உறக்கத்தையும் கொடுத்தே உருவாக்கினர். அவர்களின் தியாகத்தை நாம் மறவோம். எனினும் சில வினாக்களை எழுப்பாதிருக்க முடியவில்லை. இவற்றுள் எத்தனையில் உறுப்பினர் இடாப்பு செம்மையாகப் பேணப்படுகின்றது? எத்தனையில் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒழுங்காக நடைபெற்றுக் கணக்கு வாசிக்கப்படுகின்றது? இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எத்தனையில் வாக்கு உண்டு? இருபது ஆண்டுகளாக ஒருவரே தலைவராயிருத்தலை உறுதி எனச் சிலர் கொள்கின்றனர். அவர் இல்லாத நாளில் அந்நிறுவனமும் இல்லாது போகுமாயின், அஃது உறுதியாகுமா? மறுபுறம், ஒவ்வொரு தேர்தலும் பிளவில் முடிந்து, ஒரே ஊருக்கு இரு சங்கங்கள் தோன்றுவதும் எமக்குப் புதிதன்று.

தலைமையை எம்மிடமே வைத்திருத்தல் என்பதன் பொருளை விம்பிள்டன் மக்கள் செய்கையிற் காட்டினர். உறுப்பினர் பட்டியல் திறந்திருக்க வேண்டும். வாக்கு சமமாயிருக்க வேண்டும். தோற்றவர் வெளியேறாது உள்ளேயே இருந்து அடுத்த ஆண்டு மீண்டும் வாதாட வேண்டும். தலைமைக்கு வந்தவர் ஒருநாள் கதிரையை ஒப்படைத்துவிட்டுச் சபையில் வந்து அமர வேண்டும். அவர்கள் இழந்த மைதானத்துக்கு அண்மையில் மீள்வதற்கு 29 ஆண்டுகள் சென்றன. அவ்வளவு காலமும் இடாப்பு அவர்கள் கையில் இருந்திராவிடில், மீண்டு வந்தவர் யார் என்று சொல்வதற்கே எவரும் இருந்திரார்.

எமது சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்கு அடுத்த முறை அழைப்பு வரும்போது, வாசகர்கள் தமது பிள்ளைகளையும் அழைத்துச் செல்வார்களாக.