மடியும் மடிக்கணினியும்

2011, செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டத்துக்கு அன்றைக்கு அடித்தது யோகம்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் பாப்பன்குப்பம் கிராமத்தில், ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கறவை மாடும் ஆடும் கொடுக்கும் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அதே நாள், அதே மாவட்டம். காக்களூரில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. கூடவே மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி.

அங்கே மடி. இங்கே மடிக்கணினி.

மாடு கொடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. தீவனம் போட்டால் பால் கறக்கும். கம்ப்யூட்டர் அப்படியில்லை. மின்சாரம் மட்டும் கொடுத்தால் அது வெறும் பெட்டி. உள்ளே ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று உட்கார்ந்து கொண்டு, திரையில் எழுத்தைக் காட்டு, கேட்டதைத் திற என்று அதட்டி வேலை வாங்க வேண்டும்.

சரி, யாருடைய ஆபரேட்டிங் சிஸ்டம்? அங்கேதான் வம்பு.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்றால் உரிமத்துக்குக் காசு. லினக்ஸ் என்றால் அது இல்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இந்தச் சண்டை தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. கம்ப்யூட்டர்களை மொத்தமாகக் கொள்முதல் செய்யும் அரசு நிறுவனமான எல்காட்டில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே, 2007 வாக்கில், அலுவலகத்தை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தார். அதே 2007-ல் சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. தமிழிலேயே மெனு காட்டக்கூடியது.

ஆனால் மைக்ரோசாஃப்டை விட்டுவிட முடியுமா? வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் விண்டோஸ்தானே இருக்கிறது? இந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. ஆகவே இரண்டையும் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல். பட்டனைத் தட்டியதும் எந்த வாசல் வழியாகப் போகிறாய் என்று பெட்டியே கேட்கும். முதல் வருஷத்துக்கு மட்டும் 9.12 லட்சம் பெட்டிகள்.

இது நடந்து இருபதாவது நாள். அக்டோபர் 5. இடம், டெல்லி. மத்திய அமைச்சர் கபில் சிபல் இன்னொரு பெட்டியைத் தூக்கிக் காட்டினார். ஆகாஷ். உலகத்திலேயே மலிவான டேப்லட் என்றார்கள். விலை சுமார் 2,250 ரூபாய். டேட்டாவிண்ட் கம்பெனி தயாரிப்பு. ஏழு அங்குலத் திரை. உள்ளே கூகுளின் ஆண்ட்ராய்டு 2.2.

அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் ஆப்பிள் ஐபேட் வெளியாகி உலகமே வாயைப் பிளந்திருந்தது. அமெரிக்காவில் அதன் ஆரம்ப விலையே 499 டாலர். நம்முடையது ஐம்பது டாலருக்குள். சும்மாவா?

சும்மாதான் ஆனது. 256 எம்பி நினைவகம். விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தால்தான் அசைந்து கொடுக்கும் திரை. வேகம் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் பத்திரிகைகள் அப்போதே கிழித்துத் தொங்கவிட்டன. ஆனால் ஒரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆண்ட்ராய்டு 2.2-ல் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வரும்.

யோசித்துப் பாருங்கள். தமிழ் வழியில் படிக்கிற ஒரு பையனுக்கு அதைக் கொடுத்தால், அவன் பாடப்புத்தகத்தின் ஒரு வரியைக்கூட அதில் எழுத்தாகப் பார்க்க முடியாது. விலையைக் குறைக்க எத்தனை கூட்டம் போட்டிருப்பார்கள்! மொழியைப் பற்றி யார் கேட்டார்கள்?

ஆப்பிள் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. அத்தனை விலை கொடுத்து ஐபேட் வாங்கியவர்களுக்கும் ஆப்பிளே தரும் தமிழ் விசைப்பலகை 2013 செப்டம்பரில், ஐஓஎஸ் 7 வந்தபோதுதான் கிடைத்தது. அஞ்சல், தமிழ்99 என்று இரண்டு. மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருப்பு.

2012 நவம்பரில் ஆகாஷ் 2 வந்தது. ஆண்ட்ராய்டு 4.0, நினைவகம் இரண்டு மடங்கு, திரையும் தேவலை. ஆனால் அதற்குள் பெயர் கெட்டிருந்தது. கடைகளிலும் வேறு மலிவு டேப்லட்டுகள் வந்து குவிந்துவிட்டன. காக்களூரில் தொடங்கிய மடிக்கணினியோ அடுத்த எட்டு, ஒன்பது வருஷங்களில் 50 லட்சம் மாணவர்களைத் தாண்டிப் போனது.

கதை முடிந்ததா? இல்லை. 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. அந்த ‘அல்லது’வைக் கவனியுங்கள். பதினான்கு வருஷத்துக்கு முந்தைய அதே நாற்சந்தி. கடைசியில் எல்காட் டெண்டர் கோரியது மடிக்கணினிக்கு. படம் பார்க்க, பாடம் படிக்கக் கைக்கணினி போதும். பக்கம் பக்கமாகப் புராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கவும், புரோகிராம் எழுதவும் விசைப்பலகை வேண்டுமே.

அரசாங்கத்தை விடுங்கள். நாளைக்கு உங்கள் பெண்ணுக்கோ பையனுக்கோ டேப்லட் வாங்கக் கடைக்குப் போவீர்கள். கடைக்காரர் கேமராவைச் சொல்வார், தவணைத் திட்டத்தைச் சொல்வார். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மூன்றே கேள்வி கேளுங்கள். இதில் தமிழ் எழுத வருமா? இன்னும் எத்தனை வருஷத்துக்கு இதன் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அப்டேட் வரும்? (2020 ஜனவரியில் விண்டோஸ் 7-ஐயும் 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-ஐயும் மைக்ரோசாஃப்ட் கைகழுவியது நினைவிருக்கட்டும்.) நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறினால் இதில் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு போக முடியுமா?

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் காசு எண்ணுவதில்லை. இதற்கும் பல் உண்டு. கொஞ்சம் உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான்.