காவிரிப் படுகையில் ஜெனரேட்டரும் எர்த் இணைப்பும்

மின்கருவியின் உலோக உடலைக் கம்பி வழியாக மண்ணோடு இணைப்பதே எர்த் எனப்படும் நில இணைப்பு. ஜெனரேட்டரின் உடலும் அதன் நியூட்ரல் முனையும் ஒன்றோடொன்று இணைந்து, மண்ணோடும் சேர்ந்திருந்தால், உடலில் கசியும் மின்சாரம் எளிதாகத் திரும்பிச் சென்று ஃபியூஸை எரித்துவிடும். இணைப்பு இல்லையேல், தொடுகிற மனிதரே அந்த மின்சாரத்திற்கு வழியாகிவிடக்கூடும்.

மின்னலை மண்ணுக்குள் இறக்கலாம் என்னும் கருத்து, பெஞ்சமின் பிராங்க்ளினின் இடிதாங்கி வழியாக 18-ஆம் நூற்றாண்டில் பரவியது. தந்திக்கு இரண்டாவது கம்பி தேவையில்லை, மண்ணே திரும்பும் வழியாகும் என்று 1838-இல் ஜெர்மனியின் ஸ்டைன்ஹைல் காட்டினார். நம் பகுதியில் 1930-களில் பைக்காரா, மேட்டூர் நீர்மின் நிலையங்களுக்குப் பிறகே மின்சாரம் படிப்படியாகப் பரவியது. அதுவரை திருவிழாக்களுக்குத் தீவட்டியும் பெட்ரோமாக்ஸும்தான். பின்னர் வாடகை ஜெனரேட்டர் வந்தது.

1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 61-ஆவது விதி, ஜெனரேட்டரின் உடலுக்குத் தனித்தனியான இரண்டு நில இணைப்புகள் வேண்டும் என்றது. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும் என்பதே காரணம். நில இணைப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3043 ஆகும். அதன்படி துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயானால் உள்விட்டம் 38 மில்லிமீட்டருக்கும், நீளம் 2.5 மீட்டருக்கும் குறையக் கூடாது.

திருப்பனந்தாள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஊர். காசித் திருமடமும் அருணஜடேசுவரர் கோயிலும் அதன் அடையாளங்கள். ஈரக் களிமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே நடவுக் காலத்தில் இங்கு எர்த் அமைப்பது எளிது. ஆனால் சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்தபின் வயல் காய்ந்து வெடிக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12-இல். பல கோயில் விழாக்களோ சித்திரை, வைகாசியில் வருகின்றன. அதாவது ஜெனரேட்டர் அதிகம் ஓடும் காலமும் மண் மிகவும் வறண்ட காலமும் ஒன்றே. காய்ந்த மண்ணில் ஒரு முழக் கம்பியைச் செருகிவிட்டு எர்த் கொடுத்தாயிற்று என்பது வெறும் பெயருக்குத்தான். குழாயை ஆழமாக இறக்கி, சுற்றிலும் நீர் ஊற்றி, இணைப்புத் திருகை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பல ஊர்களில் ஜெனரேட்டர் வைத்தே குடிநீர்த் தொட்டிகளை நிரப்பினார்கள். இத்தகைய வேளையில் இன்னொரு ஆபத்து உண்டு. மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைத்தால், மின்சாரம் பின்னோக்கி ஓடி, டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட் வரை உயர்ந்து, கம்பத்தில் பணிசெய்யும் ஊழியரைக் கொல்லக்கூடும். எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் தடுக்காது.

எர்த்தின் எல்லையை உணர்த்தும் துயரம் 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் நிகழ்ந்தது. அப்பர் சதய விழாவில் மின்விளக்கு அலங்காரத்துடன் சென்ற தேர், மேலே சென்ற உயரழுத்தக் கம்பியில் பட்டது. சிறுவர் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். மேலிருந்து வரும் உயரழுத்த மின்சாரத்திற்கு ஜெனரேட்டரின் எர்த் பாதுகாப்பு ஆகாது. கம்பியின் உயரத்தை முன்கூட்டியே பார்ப்பதும், மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்துவதுமே வழி.

ஆகவே விழாக் குழுவினரும் மாணவரும் மூன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: ஈர மண்ணில் இரட்டை எர்த், வயரிங்குக்கு மாற்றுச் சுவிட்ச், தேர் செல்லும் வழியில் மின்நிறுத்தம். இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.