காக்காப்பொன்

சித்தப்பா இளவயதில் தன் கையால் செய்த ஆம்ப்ளிஃபயர் போன வருடம் என்னிடம் வந்து சேர்ந்தது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உள்ளே சர்க்யூட் போர்டு என்னவோ உள்ளங்கை அளவுதான். எடையெல்லாம் டிரான்ஸ்ஃபார்மரும், பின்பக்கம் சீப்புப் பல் போல நிற்கும் அலுமினிய ஹீட் சிங்க்கும்தான். அதன்மேல் நான்கு 2என்3055 டிரான்சிஸ்டர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்க்ரூ.

அந்த சர்க்யூட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1969 ஏப்ரலில் பிரிட்டனின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஜான் லின்ஸ்லி ஹுட் வெளியிட்ட 10 வாட் கிளாஸ்-ஏ ஆம்ப்ளிஃபயர். ஒரு சேனலுக்கு நான்கே டிரான்சிஸ்டர். இன்றும் வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதாவது சேனலுக்கு 32 வாட். வேடிக்கை என்னன்னா, பாட்டே போடாமல் சும்மா விட்டால்தான் டிரான்சிஸ்டர் ரொம்ப சுடும்.

2என்3055-இன் தகவல் தாளில் 115 வாட் தாங்கும் என்றிருக்கும். அதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். மேலுறை 25 டிகிரியிலேயே இருந்தால்தான் அந்தக் கணக்கு. நம்ம ஊர் மே மாதத்தில் அறையே அதைத் தாண்டிவிடும்.

முந்தைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் 90 டிகிரி வாக்கிலேயே திணறின. சூடு ஏறினால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் சூடு ஏறும், கடைசியில் புகை. சிலிக்கன் வந்து 200 டிகிரி வரை இடம் கொடுத்தது.

ஆனால் ஒரு சிக்கல் அப்படியே நின்றது. இந்த டிரான்சிஸ்டரின் உலோக மேலுறைதான் அதன் கலெக்டர். அதிலேயே வோல்டேஜ் இருக்கும். சூடு வெளியேற அதை அலுமினியத்தோடு ஒட்டவைக்கணும்; மின்சாரம் வெளியேறாமலிருக்க ஒட்டவைக்கக் கூடாது. நடுவில் வைக்க ஒரு பொருள் கிடைத்தது: மைக்கா. நம் பாட்டிமார்கள் காக்காப்பொன் என்பார்கள். மின்சாரத்தை மறிக்கும், தாள் போல உரிப்பதால் சூட்டைப் பெரிதாக மறிக்காது. இருபுறமும் வெள்ளைக் களிம்பு, துளி போதும். காற்று இடுக்கை நிரப்பத்தான் களிம்பு, அப்பி வைக்க அல்ல.

வால்வு ரேடியோ காலத்திலும் மைக்காதான். கண்ணாடிக்குள் கம்பிகளைப் பிடித்து நிறுத்தியது அது. உலகத்துக்குத் தேவையான மைக்காத் தகட்டில் பெரும்பங்கு அன்றைய பிகாரின் கோடர்மா, கிரிடி சுரங்கங்களிலிருந்து போனது. அந்த மெல்லிசு இயந்திரத்தில் வந்ததில்லை. பெண்களும் பிள்ளைகளும் கத்தியை வைத்து ஏடு ஏடாக உரித்தார்கள். 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனாலும் கழிவு மேடுகளில் குழந்தைகள் தூள் பொறுக்குவது நிற்கவில்லை. அது இப்போது முகப்பூச்சின் மினுமினுப்புக்கும் போகிறது. சின்ன விரல் இருந்தால் வேலை சுலபம் என்பது இரண்டு காலத்துக்கும் பொதுவான நியாயம்.

ஹீட் சிங்க்கில் ஒரு ஓட்டையைப் பெரிதாக்கினேன். விளிம்பில் நின்ற பிசிறை வழிக்கவில்லை. ஸ்க்ரூ முறுக்கியதும் அது மைக்காவைக் குத்தி, ஆன் செய்த நொடியில் ஃப்யூஸ் போனது. கோட் எழுதுகிறவன் கையில் டிரில் கொடுத்தால் இப்படித்தான்.

மற்ற மூன்று தகடுகளும் நன்றாகவே இருந்தன. துடைத்து, புதுக் களிம்பு தடவி, பழைய இடத்திலேயே வைத்தேன். நான்காவதுக்கு சிலிகான் பேட்.