கணவாய் நாட்டின் கிளைப் பாதைகள்

மேற்குத் தொடர்ச்சி மலை இடைவிடாத மதில் போலக் குமரி வரையில் செல்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த மதில் ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கிறது. வடக்கே நீலகிரியைச் சார்ந்த குன்றுகளும் தெற்கே ஆனைமலை, நெல்லியாம்பதி மலைகளும் ஒதுங்கி நிற்க, நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழி திறந்து கிடக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 140 மீட்டர் அளவே ஆதலால், அதனைக் கடப்பவருக்கு மலையைக் கடக்கிறோம் என்ற உணர்வே எழுவதில்லை. சைக்கிளில் செல்பவருக்கு மட்டும் காற்று அதை நினைவூட்டும். ஆனி ஆடியில் மேல்காற்று. மார்கழி தையில் வறண்ட கீழ்க்காற்று. எந்த மாதத்தில் எந்தத் திசையில் புறப்படுவது என்று யோசியாமல் கிளம்பியவர்கள் பாதி வழியில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதை நாம் கண்டிருக்கிறோம். ஒருமுறை அவ்வாறு தள்ளியவர்களும் நாமே.

இக்கணவாய் வழியாகச் சென்ற பெருவழிகளைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். மேற்குக் கடற்கரையில் வந்திறங்கிய உரோமரின் வெள்ளிக் காசுகள் கோவையை அடுத்த வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்தன. இராசகேசரிப் பெருவழி என்ற பெயரைச் சொல்லும் கல்வெட்டொன்று கோவைக்கு மேற்கே பாறையில் இருக்கிறது. இன்று அப்பெருவழிகளின் வேலையை வாளையாறு வழிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை செய்து வருகிறது. லாரிகளின் இரைச்சல் முழுவதையும் அது தன்மேல் ஏற்றுக்கொண்டுவிட்டதால், பக்கத்துக் கிளைப் பாதைகள் அமைதியடைந்திருக்கின்றன. அந்தக் கிளைப் பாதைகளைப் பற்றியே இங்குச் சொல்லப் புகுந்தோம். சென்ற மார்கழியில் நண்பர் ஒருவருடன் கல்பாத்தியில் தங்கி, இரண்டு நாள் அவற்றில் சுற்றி வந்தோம்.

கல்பாத்தி, பாலக்காட்டு நகரின் வடபால் அதே பெயருடைய ஆற்றின் தென்கரையில் உள்ளது. புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்ற நான்கு அக்கிரகாரங்கள் சேர்ந்தது. அங்குள்ளவர்கள் அக்கிரகாரம் என்று சொல்வதில்லை. ‘கிராமம்’ என்றே சொல்லுவார்கள். இரு மருங்கிலும் சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகள். வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, முற்றம், அடுக்களை, கொல்லை, கிணறு. காவிரிக் கரையிலிருந்து, தஞ்சை, குடந்தை, மாயூரப் பகுதிகளிலிருந்து, இக்கணவாய் வழியாக வந்து குடியேறியோர் தம் ஊரின் தெருவையே இங்கு மீண்டும் கட்டிக்கொண்டனர் என்பது வழிவழிச் செய்தி. தேர்த் திருவிழாவும் மாயூரத்தைப் போல ஐப்பசி மாதத்து விழாவே.

விசுவநாத சுவாமி கோயில் தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பதினெட்டுப் படி இறங்கித்தான் செல்ல வேண்டும். ஆதலால் ‘குண்டுக்குள் கோயில்’ என்று ஊரார் அழைக்கின்றனர். கொல்லம் ஆண்டு 600, அதாவது கி.பி. 1425-ஐ ஒட்டி, லட்சுமியம்மாள் என்ற விதவை காசியிலிருந்து சிவலிங்கம் கொணர்ந்து, 1320 பொற்காசுகளைப் பாலக்காட்டு மன்னர் இட்டிக்கொம்பி அச்சனிடம் ஒப்படைத்துக் கோயிலை எழுப்பச் செய்தாள் என்பர். ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்ற பழமொழி அதிலிருந்து பிறந்தது. இத்தனை தெருக்களுக்கும் நடுநாயகமான கோயிலின் தொடக்கத்தில் மன்னனுக்கு முன்னே ஒரு கைம்பெண்ணின் பெயர் நிற்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நாங்கள் தங்கிய வீட்டுப் பெரியவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. காலையில் திண்ணையில் அமர்ந்து மடியில் மிருதங்கத்தை வைத்து மெல்ல விரலோட்டிக்கொண்டிருந்தார். “பிள்ளை பம்பாய்லே. பேரன் அதுக்கும் அப்பாலே. இந்த வரிசையிலே விளக்கு எரியற வீடு எத்தனைன்னு ராத்திரி எண்ணிப் பாருங்கோ” என்றார்.

1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரையில் ரயில் பாதை முழுமை பெற்றபோது, கல்பாத்திக்கு எதிர்க்கரையில் ஒலவக்கோட்டு நிலையம் எழுந்தது. ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் அங்கிருந்து சென்னைக்கும் பம்பாய்க்கும் டில்லிக்கும் குமாஸ்தாக்களாகவும், சமையற்காரர்களாகவும், கணக்கர்களாகவும், பின்னர் பெரும் அதிகாரிகளாகவும் சென்றனர். கணவாய் வழியே வந்தவர்களின் பேரன்மார் அதே கணவாய் வழியே திரும்பிப் போய்விட்டார்கள். நாம் இன்று சைக்கிளில் அனுபவிக்கும் தெருவின் அமைதி பெரும்பகுதி இந்தப் புறப்பாட்டினால் வந்ததே. கல்பாத்தி பாரம்பரியப் பகுதி என்று போற்றப்படுகிறது. பழமை கெடாமல் காக்க விதிகளும் வந்துள்ளன. ஆயினும் ஒழுகும் ஓட்டை மாற்றவும் பல அனுமதிகளுக்கு அலைய வேண்டியிருக்கிறதென்று குடியிருப்போர் குறைப்படுகின்றனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒட்டு வீடுகளில் ஒன்றை இடித்தால் அடுத்த இரண்டும் சுவரிழக்கும். இடிக்காமலே பூட்டி வைத்தாலோ கறையான் மூன்றுக்கும் பொதுவாகிவிடும்.

தெருவின் அமைதிக்கு மற்றொரு பழைய காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு சொன்னவராக மாட்டோம். பொது வழிகளிலும் கிணறுகளிலும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து, 1924 ஆகஸ்டில் அது நிறைவேறியது. அரசாங்கமும் ஆணை வெளியிட்டது. பாலக்காடு அந்நாளில் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் கல்பாத்தித் தேர் ஓடியபோது, அந்த உரிமையை நம்பித் தெருவுக்குள் வந்த ஈழவர்கள் தாக்கப்பட்டுத் துரத்தப்பட்டனர். செய்தி சட்டசபை வரையில் சென்றது. பின்னர் ஈழவர்களில் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து, அந்தப் பெயரால் இதே தெருவில் நடக்கும் உரிமையைக் கேட்டனர். ஒரு தெருவில் நடப்பதற்கு மனிதன் தன் சமயப் பிரிவையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த காலம் நூறு ஆண்டுக்கு முந்தியதே. இன்று எங்கள் சைக்கிள் மணியை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. எந்த ஊர், எந்தக் குலம் என்று கேட்கவுமில்லை.

முதல் நாள் ஆற்றைத் தொடர்ந்து மேற்கே சென்றோம். சிறிது தூரத்தில் ஜைனமேடு. அங்குச் சந்திரப்பிரபருக்குக் கருங்கல்லாலான சமணக் கோயில் இருக்கிறது. கேரளத்தில் எஞ்சியுள்ள சில சமணக் கோயில்களுள் அது ஒன்று. குமாரன் ஆசான் ‘வீணபூவு’ என்ற கவிதையை 1907-இல் எழுதியது இவ்விடத்தில்தான். வீழ்ந்த பூவைப் பாடி மலையாளக் கவிதையைத் திசைதிருப்பிய ஆசான் ஈழவர். ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தின் செயலாளராய் இருந்தவர். 1924 ஜனவரியில் படகு விபத்தில் மறைந்தார். அதே ஆண்டின் இறுதியில்தான் கல்பாத்தி நிகழ்ச்சி. ஜைனமேட்டிலிருந்து கல்பாத்திக்கு நாங்கள் சைக்கிளில் திரும்ப அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மேலும் மேற்கே சென்றால் பறளி. கல்பாத்தி ஆறும் கண்ணாடி ஆறும் அங்கே கூடிப் பாரதப்புழையாகின்றன. மணலும் நாணலும் மிகுதி, நீர் குறைவு. பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இரண்டாம் நாள் தெற்கே. 1766-இல் ஹைதர் அலி கட்டிய கோட்டையைச் சுற்றிக்கொண்டு நகரைவிட்டு வெளியேறினால், கிணாசேரிக்கு அப்பால் வயலும் பனையும்தான். வரப்பைவிடச் சற்றே அகன்ற பாதைகள். இரண்டு சைக்கிள் பக்கம் பக்கமாகப் போனால் எதிரே வரும் பசு நின்று யோசிக்கும். தஸ்ராக் என்ற சிற்றூர் இங்கே உள்ளது. ஓ. வி. விஜயன் 1969-இல் நூலாக வெளியிட்ட ‘கசாக்கின் இதிகாசம்’ என்ற நாவலுக்கு நிலைக்களன் இவ்வூரே. நாவலில் வரும் ஞாற்றுப்புரையை இன்று நினைவிடமாகப் பேணுகின்றனர். கதையைப் படித்தவர்கள் பனங்காட்டின் காற்றைக் கேட்பதற்காகவே அங்கு வருகின்றனர்.

பிரான்சு நாட்டில் இத்தகைய பாதைகளை அரசே முனைந்து உண்டாக்கி வருகிறது. லுவார் ஆற்றங்கரையில் பழைய அரண்மனைகளைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் சைக்கிள் வழி செல்கிறது. பர்கண்டியில் கைவிட்ட ரயில் பாதையொன்றைப் பெயர்த்து, க்ளூனி மடாலயம் வரையில் 1997-இல் சைக்கிளுக்கும் நடைக்குமாகத் திறந்துவிட்டனர். நமக்கு அவ்வாறு ஒருவரும் திட்டமிட்டுத் தரவில்லை. 1955-இல் மலம்புழை அணை முடிந்து கால்வாய்கள் வெட்டப்பட்டபோது, நீரைக் கண்காணிப்போர் நடக்கக் கரைமீது பாதை விட்டார்கள். வயற்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் அதைத் தமதாக்கிக்கொண்டனர். பலகை இல்லை, வரைபடம் இல்லை. மேடு பள்ளமும் அதிகமில்லை, தண்ணீர் ஏறாதல்லவா!

தஸ்ராக்கை அடுத்துப் பெருவெம்பு. மத்தளம், செண்டை, மிருதங்கம் முதலிய தோற்கருவிகள் செய்வோர் பல தலைமுறையாக இவ்வூரில் வாழ்கின்றனர். பலாக் கட்டையைக் குடைவதும், தோலைப் பதப்படுத்தி வாரிழுத்துக் கட்டுவதும் வீட்டு வாசலிலேயே நடக்கின்றன. சாதம் இட்டுச் சுருதி பார்த்த தொழிலாளி ஒருவர், தட்டிய ஓசையைக் கேட்டுத் தலையை மட்டும் அசைத்தார், எங்களைக் கவனிக்கவில்லை. பாலக்காடு மணி அய்யரின் பெயரை நாடெங்கும் சொல்லுகிறோம். அவ்வழி வந்தோரின் விரல் படும் தோலை இறுக்கிய கைகளுக்குப் பெயர் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை.

அங்கிருந்து கீழ்க்காற்றை எதிர்த்துச் சித்தூர் சென்றோம். 1949 வரையில் சித்தூர் கொச்சி அரசருடையது. பாலக்காடு ஆங்கிலேயர் ஆண்ட மலபாரைச் சேர்ந்தது. நாற்புறமும் அயலார் நிலம் சூழ, சித்தூர் தாலுகா மட்டும் கொச்சியிலிருந்து பிரிந்து தீவு போலக் கிடந்தது. இன்று அந்த எல்லை எங்கே இருந்தது என்று சைக்கிளில் தேடினால் கிடைக்காது. சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சன் இறுதி நாட்களைக் கழித்ததாகக் கருதப்படும் குருமடத்தைக் கண்டு, எலப்புள்ளி வழியாகத் திரும்பினோம். வழியில் ராமசேரியில் இட்டிலி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த முதலியார் குடும்பங்கள் சில, மண்பானை வாயில் கயிறு பின்னித் துணி விரித்து, விறகடுப்பில் அவிப்பது. தோசைபோல் தட்டையாக இருக்கும். நண்பர் எட்டுத் தின்றார். நாம் கணக்குச் சொல்லப்போவதில்லை.

மாலையில் காற்று முதுகில் இருந்தது. மிதிக்காமலே வண்டி ஓடியது. கல்பாத்தியை அடைந்தபோது இருட்டிவிட்டது. அந்த வரிசையில் விளக்கெரிந்த வீடுகளை எண்ணினோம்: ஏழு. பெரியவர் திண்ணையிலேயே இருந்தார்.

“எங்கெல்லாம் போனேள்?” என்றார்.

ஊர்களைச் சொல்லிக்கொண்டே வந்தோம். பெருவெம்பு என்றதும் மடியிலிருந்த மிருதங்கத்தைத் திருப்பிக் காட்டினார். “இது அங்கே கட்டினதுதான். அறுபது வருஷமா அங்கேர்ந்துதான். முதல்லே அவா அப்பா வருவார், இப்போ பிள்ளை வரார்.”

“நீங்கள் அங்கே போனதுண்டா?”

சற்று நேரம் பேசவில்லை. “இல்லை. அவாதான் வருவா” என்றார். பிறகு, “எத்தனை தூரம் இருக்கும்?” என்று கேட்டார்.

சைக்கிளில் ஒரு மணி நேரம் என்றோம்.