பெத்லகேமுக்கு வந்த குறத்தி

1800ஆம் ஆண்டில் தஞ்சையில் இயற்றப்பெற்ற ஒரு சிற்றிலக்கியத்தில் குறத்தி ஒருத்தி தோன்றுகிறாள். தலைவியின் கைபார்த்துக் குறி சொல்கிறாள். தலைவன் வருவான் என்கிறாள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் தோய்ந்த தமிழருக்கு இக்காட்சி புதிதன்று. ஆனால் இக்குறத்தி பாடும் தலைவன் குற்றாலநாதன் அல்லன். மாட்டுத் தொழுவில் பிறந்த இயேசு. நூலின் பெயர் பெத்லகேம் குறவஞ்சி. பாடியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்.

கிறிஸ்து பிறப்பைத் தமிழில் பாடியவர்களுள் சாஸ்திரியார் முதல்வர் அல்லர். 1726 அளவில் வீரமாமுனிவர் தேம்பாவணியை இயற்றி முடித்துவிட்டார். அதன் 3615 பாடல்களுள் மகவருள் படலம் அப்பிறப்பின் மாட்சியையே பேசுகின்றது. எனினும் தேம்பாவணி கற்றோர் அவையில் விரித்துப் பொருள் சொல்லத் தக்க காவியம். பாமரன் அதைப் பாடிக்கொண்டு தெருவில் நடக்க இயலாது. மறுபுறம், தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தொடங்கிச் சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியுஸ் வரை, ஜெர்மானிய போதகர்கள் தம் நாட்டுப் பாடல்களைத் தமிழாக்கித் தந்தனர். ஞானப்பாட்டு எனப் பெயர் பெற்ற அவை மேனாட்டு மெட்டிலேயே பாடப்பட்டன.

அங்கேதான் இடர்ப்பாடு. ஜெர்மானியப் பாட்டு அசையழுத்தத்தை நம்பி நடப்பது. தமிழ்ப்பாட்டு குறில் நெடில் வேறுபாட்டை நம்பி நடப்பது. மெட்டு நீளும் இடத்தில் குறிலும், மெட்டு ஓடும் இடத்தில் நெடிலும் விழுந்தால் சொல் சிதையும். எதுகையும் மோனையும் பழகிய செவிக்கு அப்பாடல்கள் பொருளால் உவப்பளித்தாலும் ஓசையால் அயலாகவே நின்றன. பப்ரிசியுஸின் மொழித்திறம் குறைவென்பதில்லை. அவருடைய விவிலிய மொழிபெயர்ப்பைத் தமிழ்க் கிறித்தவர் உயிரெனப் போற்றினர். மெட்டுத்தான் உடன்வர மறுத்தது.

1774இல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகத்தைப் பன்னிரண்டாம் வயதில் தஞ்சைக்கு அழைத்து வந்தவர் சுவார்ட்சு பாதிரியார். அவரிடமே கல்வி பெற்ற மற்றொரு மாணாக்கர் பின்னாளில் அரியணையேறிய இரண்டாம் சரபோசி. ஒருவர் திருச்சபையின் கவிராயர். மற்றவர் பெருவுடையார் கோயிலைப் புரக்கும் மராத்திய மன்னர். அன்றைய தஞ்சை கீர்த்தனையும் பதமும் நாட்டியமும் நிறைந்த ஊர். சரபோசியைத் தலைவராக்கிச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடியதும் அந்த அவையில்தான். அக்காற்றைச் சுவாசித்த புலவர் ஞானப்பாட்டோடு அமைந்திருப்பாரா?

பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி, சீயோன் மகள், அதாவது திருச்சபை. குறி சொல்பவள் ஞானச் சிங்கி, விசுவாசத்தின் உருவம். அவள் கணவன் ஞானச் சிங்கன் நூவனோடு பறவை பிடிக்க வருகிறான். அப்பறவைகள் மனித ஆன்மாக்கள். சிங்கனும் சிங்கியும் ஆடும் இடத்தில் வேடிக்கைக்கென இருந்த பகுதி இங்கு நற்செய்தி உரைக்கும் பணியாக மாறிவிடுகிறது. இடையே புதிய மேனாட்டு வானியலும் நிலநூலும் வந்து நுழைகின்றன. பழைய பாத்திரத்தில் புதுப்பால் வார்த்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம்; அது போதாது. குறவஞ்சியின் காதலைப் பத்தியாக மாற்றும் வித்தை ஆழ்வாரும் நாயன்மாரும் முன்னமே தமிழுக்குக் கற்பித்தது. சாஸ்திரியார் அவ்வழியில் நின்றே பாடினார்; ஆதலின் அவர் பாட்டு கடன் வாங்கிய பாட்டாக ஒலிக்கவில்லை.

மன்னர் இந்நூலின் அழகில் மயங்கித் தலைவன் பெயரை மாற்றிப் பெருவுடையார்மீது பாடித் தருமாறு வேண்டினார் என்றும், புலவர் மறுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மறுத்த பின்பும் நட்பு முறியவில்லை. முறிவு வந்தது வேறு திசையிலிருந்து.

1820களில் தஞ்சைக்கு வந்த இளம் மிஷனரிகளுக்குச் சுவார்ட்சு காலத்துப் பொறுமை இல்லை. மூத்த தமிழ்க் கிறித்தவர் நான்கு குறைகளை எழுத்தில் வைத்தனர். பழகிய விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள். சாதிகளை ஒன்றாகக் கலக்கிறார்கள். திருமணத்திலும் இறப்பிலும் பூவைத் தடுக்கிறார்கள். தமிழ்க் கீர்த்தனைகளை ஆலயத்திலிருந்து நீக்குகிறார்கள். எதிர்ப்பின் முன்னணியில் சாஸ்திரியார் நின்றார்.

இந்த நான்கையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. பாட்டைக் காத்த குரலே சாதி வேற்றுமையையும் காத்தது. வேளாளக் கிறித்தவர் தனித்து அமர்வதும் தனித்து உண்பதும் நாட்டு வழக்கமேயன்றி மதக்கேடு அன்று என்பது அவர் வாதம். அதை மூடி மறைத்து அவரைப் போற்றுவது வரலாறு ஆகாது. அவ்வாறே, சாதியை எதிர்த்த மிஷனரிகளின் அறம் சரியாயினும், அதனோடு கீர்த்தனையையும் புறத்தே தள்ளிய அவர்கள் செவி சரியன்று. மிஷன் பணி பறிபோன புலவரை 1829இல் அரசவைப் புலவராக ஏற்றுக்கொண்டவர் சரபோசி. மன்னரின் இறப்புவரை, மூன்றாண்டே நீடித்த ஆதரவு அது.

ஆலயம் விலக்கிய பாட்டை மீட்டவரும் ஒரு மிஷனரியே. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், தம் சபை மக்கள் எதைப் பாடும்போது முகம் மலர்கிறார்கள் என்பதைக் கவனித்தவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என அமைந்த தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டி 1853இல் அச்சிட்டார். சாஸ்திரியார் பாடல்கள் அதில் மிகுதி. அப்போது புலவருக்கு வயது எழுபத்தொன்பதை நெருங்கியது. 1864இல் மறையும் முன்னே தம் பாட்டு ஆலயத்துள் திரும்பி நுழைந்ததை அவர் அறிந்திருந்தார். இன்றும் சீர்திருத்தச் சபைகளில் பாமாலையும் கீர்த்தனையும் அருகருகே பாடப்படுவது அந்த நூற்றாண்டுச் சண்டையின் விளைவு.

கத்தோலிக்கத் திருச்சபையில் வழிபாட்டு மொழி இலத்தீனாகவே நெடுநாள் நின்றது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தக் கதவைத் திறந்தபின் திருப்பலியில் தமிழிசை பெருகிற்று. திருச்சிக் கலைக்காவிரி அதன் விளைநிலங்களுள் ஒன்று. கவிஞர் கண்ணதாசனின் இயேசு காவியத்தை 1982இல் வெளியிட்டதும் அந்நிறுவனமே. 1981 அக்டோபரில் மறைந்த கவிஞர் அச்சேறிய நூலைக் காணவில்லை. தேம்பாவணி காவியமாகவே நின்றுவிட்டதென்ற குறையை எளிய நடையால் தீர்க்க முயன்ற நூல் அது.

திருப்பூருக்குக் கிறிஸ்துமஸ் என்பது பெரும்பாலும் கப்பலேற்றும் தேதி; மேனாட்டு டிசம்பருக்கான பின்னலாடை இங்கே மாதங்களுக்கு முன்பே தைத்துக் கட்டப்பட்டுவிடும். பாட்டு வந்து சேர்வது மார்கழியில்தான். திருப்பாவை ஒலிக்கும் அதே மாதத்தின் இரவுகளில், நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள் கீத பவனியாக வீடுவீடாகப் பாடி வருகிறார்கள். ஆஸ்திரியச் சிற்றூர் ஒன்றில் 1818இல் முதன்முதலாகப் பாடப்பட்ட அமைதி இரவுப் பாட்டின் தமிழாக்கமும், தஞ்சையில் பிறந்த கீர்த்தனையும் அந்தப் பவனியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதற்பாட்டை மெல்ல இசைப்பார்கள். கீர்த்தனை தொடங்கியதும் தாளத்துக்குக் கை தானாக எழும்.