ஓடும் வண்டியும் ஓடாத வண்டியும்

நாணயம் தோன்றுவதற்கு முன்னரே பண்டமாற்று தோன்றிவிட்டது. உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற காலம் ஒன்று தமிழகத்திலே இருந்தது. வாணிக உலகிலே அவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டதெனினும், கொழும்பு மாநகரிலே பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரிடையே அது இன்னும் உயிருடன் இருக்கின்றது. ஒருவரிடம் நல்ல முறையிலே ஓடக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கும். மற்றொருவருடைய கொட்டிலிலே, அதனினும் அரியதொரு கார், கதவுகள் ஒரு மூலையிலும் எஞ்சின் மற்றொரு மூலையிலுமாகக் கழற்றப்பட்டுப் பல்லாண்டுகளாகக் கிடக்கும். "இதைத் தந்தால் அதைத் தருகின்றேன்" என்று பேச்சு எழும். ஓடும் வண்டியைக் கொடுத்து, இனிமேல்தான் உருவாக்கவேண்டிய வண்டியைப் பெறுவது தகுமா?

பார்வைக்குச் சிறிய வினாதான். ஆயினும் இலங்கையிலே இதற்கு விடை காண விழைபவர், இத்தீவின் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பொருளாதார வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டியவராகின்றார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்தது. வந்த வழி கொழும்புத் துறைமுகம். அதனை அடுத்துள்ள கொட்டாஞ்சேனைப் பகுதி மக்கள், கப்பலிலிருந்து இறங்கிய புதுமைகள் பலவற்றை ஏனையோருக்கு முன்னரே கண்டிருப்பர். தேயிலைத் தோட்டத் துரைமாரும், உயர்ந்த உத்தியோகத்தரும், வழக்கறிஞரும், வைத்தியருமே முதலிலே வண்டிகளை வாங்கினர். நகரின் தென்பகுதியாகிய வெள்ளவத்தையிலே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள்ளும் வசதி படைத்தோர் பின்னர் வாங்கினர். அவர்கள் விரும்பியது பெரும்பாலும் நான்கு கதவு கொண்ட குடும்ப வண்டியையே. மனைவி மக்களையும் வயது முதிர்ந்த தாயாரையும் ஏற்றிக்கொண்டு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குச் செல்லும் தந்தைக்கு, இருவர் மட்டுமே அமரக்கூடியதும் கூரை இல்லாததுமான ஸ்போர்ட்ஸ் கார் எதற்குப் பயன்படும்?

ஆகவே அத்தகைய வண்டிகள் இங்கு வந்த காலத்திலேயே எண்ணிக்கையிற் குறைந்தனவாக இருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ஏபிங்டன் நகரிலுள்ள எம்.ஜீ. தொழிற்சாலை டி.சி. என்னும் வகையை வெளியிட்டது. 1949 வரை ஏறத்தாழப் பதினாயிரம் வண்டிகளே செய்யப்பட்டன. அவை யாவும் வலப்புறம் சுக்கான் அமைந்தவை. இடப்புறமாக ஓட்டும் நம் நாட்டு வழக்குக்குப் பொருந்தியவை. 1953 இலே ட்ரயம்ப் டி.ஆர். 2, 1955 இலே எம்.ஜீ.ஏ., 1958 இலே தவளைக்கண் போன்ற விளக்குகளை உடைய ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. நுவரெலியாவுக்கு அருகே மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 இலே தொடங்கியது. போர்க்காலத்திற் கடற்படை விமானங்களுக்காக அமைத்த களுத்துறைக் கட்டுக்குருந்தை ஓடுபாதை, போருக்குப் பின்னர் மோட்டார்ப் பந்தயக் களமாயிற்று.

அக்காலத்திலே பழைய வண்டிக்கு மதிப்பில்லை. 1940 இலே கடற்படை அலுவலராகக் கொழும்பில் இருந்த இளவரசர் பிலிப், 1935 ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த ஸ்டாண்டர்ட் கார் ஒன்றைப் பன்னிரண்டு பவுணுக்கு வாங்கினார். பின்னாளில் பிரித்தானிய அரசியாரின் கணவராக விளங்கியவர் அவர். ஸ்போர்ட்ஸ் கார் அன்று; எளிய வண்டி. அது காலிமுக ஹோட்டலிலே காட்சிப் பொருளாக வைக்கப்பட்டு இன்று புகழ் பெற்றிருக்கின்றது. ஆனால் சுதந்திரத்தின் பின்னர் துரைமார் தாயகம் திரும்பியபோது விற்றுச் சென்ற வண்டிகள் எல்லாவற்றுக்கும் அத்தகைய நல்வாய்ப்புக் கிட்டவில்லை.

1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்துற்றது. மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இலே பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இந்நாட்டிலே ஏற்கெனவே இருந்த வண்டிகளையே மக்கள் ஓட்டித் தீரவேண்டியதாயிற்று. இங்கிலாந்திலே ஒருவர் தமது எம்.ஜீ.யைக் கைவிட்டால், அடுத்த ஊரிலே மற்றொன்று கிடைக்கும். இங்கோ, இருப்பது இவ்வளவுதான் என்று எண்ணி முடித்துவிடலாம். ஒன்று அழிந்தால் ஒன்று குறைந்தது என்பதே கணக்கு.

இந்த நெருக்கடியிலே செழித்தது மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை. உதிரிப்பாகம் வேண்டுவோர் இன்றும் முதலிலே செல்லும் இடம் அதுவே. அங்கு தொழில் செய்தோருக்கு வண்டிகளின் உறவு முறை நன்கு தெரியும். எம்.ஜீ. டி.சி.யின் 1250 கன சென்ரிமீற்றர் எஞ்சின், மொறிஸ் ரென் என்னும் சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினிலிருந்து பிறந்தது. அதே எஞ்சின் எம்.ஜீ. வை வகைக் குடும்பக் காரிலும் பொருத்தப்பட்டது. ட்ரயம்ப் டி.ஆர். 2 இன் எஞ்சினோ, ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காருக்கும் வயலை உழும் பெர்குசன் உழவு யந்திரத்துக்கும் உடன்பிறப்பு! பந்தயக் களத்திலே புழுதி பறக்கவிடும் வண்டியின் நெஞ்சும், சேற்றிலே உழலும் யந்திரத்தின் நெஞ்சும் ஒரே குலத்தவை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஆகவே எஞ்சின் பழுதுற்ற ஸ்போர்ட்ஸ் கார் வேறொன்றின் எஞ்சினைப் பெற்று மீண்டும் ஓடியது. கடைசற்காரர் இரும்பைக் கடைந்து, வாராத பாகத்தைத் தாமே ஆக்கினார். தகட்டு வேலை செய்யும் ரிங்கர்மார் சுத்தியலும் மணல் மூட்டையும் கொண்டு மட்காட்டுகளை அடித்தெடுத்தனர்.

இத்திறமை போற்றற்குரியது. ஆயினும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஒன்றை ஓடவைக்க மற்றொன்று பிரிக்கப்பட்டது. பிரிக்கப்பட்டதன் எலும்புக்கூடு கொட்டிலுக்குட் சென்றது. இன்று "திருத்தி எடுக்கலாம்" என்று பேரம் பேசப்படும் ஓடாத வண்டிகள் பல, அவ்வாறு உறுப்புகளை ஈந்துவிட்டு நின்றவையே. கூடையிலே போட்டுக் கொடுக்கப்படும் பாகங்கள் எல்லாம் அந்த வண்டிக்கே உரியவை என நம்புவதற்கில்லை.

வடக்கிலே நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. 1990களிலே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்லவில்லை. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகையும் மணமும் வீதியை நிறைக்கும். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும், மணமக்களை ஏற்றிச் சென்றதும் அவ்வண்டிகளே. ஒரு வண்டியைத் தூக்கி எறிவதா, மாற்றுவதா, பேணுவதா என்னும் ஆராய்ச்சிக்கே அங்கு இடமிருக்கவில்லை, இருந்ததை ஓட்டினர்.

கொழும்பிலோ 1983 ஜூலையிலே வெள்ளவத்தை முதலிய பகுதிகளில் தமிழரின் வீடுகளும் கடைகளும் வாகனங்களும் தீக்கிரையாக்கப்பட்டன. பின்னர் பல குடும்பங்கள் கடல் கடந்தன. புறப்படும் அவசரத்திலே விற்பவன் விலை பேசுவதில்லை. தந்தை வாங்கிய வண்டி எவர் கைக்குச் சென்றது என்பதை அறியாத பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். அவர்களிடம் எஞ்சியிருப்பது, மட்காட்டிலே சாய்ந்து நின்று எடுத்த நிழற்படம் ஒன்றே.

இவ்வளவையும் கடந்து எஞ்சிய வண்டிகளைப் பற்றியே மாற்றுப் பேச்சு நடைபெறுகின்றது. ஆதலால், ஓடாத வண்டியைப் பெற விரும்புவோர் முதலிலே பார்க்கவேண்டியது அதன் அழகை அன்று, இலக்கத்தை. பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியிற் பொறித்தவற்றோடு ஒத்திருக்கின்றனவா? உறுப்பு மாற்றுச் சிகிச்சை இத்துணை நடந்த நாட்டிலே எஞ்சின் இலக்கம் மாறியிருத்தல் வியப்பன்று. ஆனால் அடிச்சட்ட இலக்கமும் மாறியிருந்தாலோ, புத்தகமே இல்லாதிருந்தாலோ, அது இரும்புக் குவியலே அன்றி வண்டி ஆகாது.

இலக்கத் தகடும் வரலாறு பேசும். முன்னாளிலே 'சிலோன்' என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்து, சி.எல்., சி.வை., ஈ.எல்., ஈ.என். என்றவாறு வண்டிகளுக்கு இட்டனர். 1957 இலே சிங்கள 'ஸ்ரீ' எழுத்து அதனிடத்தைப் பெற்றது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்துப் போராட்டம் நடத்தியதும், அவ்வெழுத்தின்மீது தார் பூசப்பட்டதும், 1958 இலே அப்பகை மேலும் முற்றியதும் நாடறிந்தவை. ஒரு காரின் முகப்பிலே உள்ள ஓரெழுத்து, அது எந்த ஆண்டுக்கு முன்னர் வந்தது, எந்த ஆண்டுக்குப் பின்னர் வந்தது என்பதோடு, எத்தகைய நாட்டிலே ஓடியது என்பதையும் கூறிவிடுகின்றது.

அடுத்தது மரம். எம்.ஜீ. டி.சி. போன்ற வண்டிகள் உருக்குத் தகட்டினால் ஆனவையாகத் தோன்றினும், தகட்டின் உள்ளே ஆஷ் என்னும் மேனாட்டு மரத்தினாற் சட்டகம் அமைந்திருக்கும். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையிலே தகட்டை உப்பு அரிக்கும். சட்டகத்தை ஈரமும் கறையானும் உண்ணும். வெளியே பளபளக்கும் வண்டியின் கதவு சற்றுத் தொங்கினால், உள்ளே மரம் போய்விட்டது என்று பொருள். நல்ல தச்சர் அதனைப் புதிதாக அமைத்துத் தருவார். பழைய சட்டகம் அளவு பார்க்கும் அளவுக்கேனும் எஞ்சியிருந்தாற்றான் அதுவும் இயலும். பெரிய பாகங்களைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவர். உண்மையிலே காலத்தை விழுங்குபவை சிறியவை. டி.சி.யின் 19 அங்குலக் கம்பிச் சில்லுக்கு ஏற்ற ரயர், மானிகள், கண்ணாடிச் சட்டத்தின் பித்தளைத் திருகு என்பனவற்றைத் தேடியே ஆண்டுகள் கழிந்துவிடும். மனிதனின் ஆயுளும் கணக்கில் எடுக்கப்பட வேண்டியதே. அறுபது வயதிலே இத்தகைய வேலையைத் தொடங்குபவர் யாருக்காகத் தொடங்குகின்றார் என்பதை வீட்டாருடன் பேசிக்கொள்வது நலம்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். ஓடாத வண்டியை ஏற்கும் துணிவு எவருக்கும் இல்லாதிருந்தால், அரிய வண்டிகள் பல இன்று உலகிலே இருந்திரா அல்லவா? உண்மையே. பெராரி 250 ஜி.டி.ஓ. என்னும் இத்தாலியப் பந்தயக் கார் 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்டது. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு மாணவர் பயிற்சிக்காக நன்கொடையாகக் கிடைத்தது. பள்ளி அதனை 1972 இலே 6,500 டொலருக்கு விற்றது. வாங்கியவர் அதனை இழுவை வண்டியின்மேல் ஏற்றித் திறந்த வெளியிலே பல்லாண்டுகள் நிறுத்திவைத்தார். பின்னர் வேறொருவர் கைக்குச் சென்றே அது மீட்சி பெற்றது. அதே வகைக் கார் ஒன்று 2018 இலே ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டொலர் பெற்றது. பள்ளியைக் குறை கூறுவதற்கில்லை. பாடசாலை நடத்துவோருக்கு ஒரு கார் முக்கியமா, ஆய்வுகூடத்துக்கு ஓர் உபகரணம் முக்கியமா என்பதை, 1972 ஆம் ஆண்டின் கணக்குப் புத்தகத்தை வைத்தே தீர்மானிக்க முடியும்.

ஆனால் அந்த உவமை இங்கு முழுவதும் பொருந்தாது. பேரம் நடைபெறும் இருவருள் ஒருவரிடம் ஓடும் வண்டி ஒன்று இருக்கின்றது. அது எவர் கைக்குச் செல்கின்றது என்பதே முதன்மையான வினா. பெறுபவர் அதனை ஓட்டிப் பேணுவாராயின் நட்டமில்லை. தீவிலே ஓடும் வண்டிகளின் தொகை குறையாது, கொட்டிலிலே கிடந்ததற்கும் ஒரு வாய்ப்புக் கிட்டும். பெறுபவர் அதனைப் பிரித்துத் தமது வேறு வண்டிக்கு உறுப்பாக்குவாராயின், மாற்றிய இருவரும் சேர்ந்து ஒரு வண்டியை அழித்தவராவர். எவ்வளவு அரிய வண்டி எதிரே கிடப்பினும், அத்தகைய மாற்றுக்கு உடன்படலாகாது.

மொறிஸ் மைனரின் கதையை இங்கு நினைவுகூரலாம். 1948 இலே வெளிவந்து 1971 வரை 16 இலட்சம் அளவிலே செய்யப்பட்ட அக்கார், பிறந்த நாட்டிலேயே உதிரிப்பாகம் அருகி நின்றது. இங்கிலாந்தின் பாத் நகரிலே மொறிஸ் மைனர்களைச் சீரமைத்துவந்த நிலையம் ஒன்று, 1990களிலே அவற்றுக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையிலே கைவேலையாகச் செய்விக்கலாயிற்று. பாகங்கள் கிடைக்காத தீவிலே சுத்தியல் பிடித்துப் பழகிய கைகள், பாகங்களைக் கப்பலேற்றி அனுப்பின. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளிலே பழைய வண்டி வைத்திருந்தோர் பலர் பஞ்சிகாவத்தைக்குத் திரும்பவும் வழி கேட்டுச் சென்றனர்.